கைக்கு ஏற்றபடி வேலை

(பொது நூலகம் ஒன்றின் வாசகர் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியிலும் கைப்பேசியிலும் நாள் முழுவதும் உழைக்கும் கைகளுக்கு வரும் வலியைப் பற்றியும், அதை வராமல் தடுப்பதைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கைகளுக்குச் சிகிச்சை அளிப்பது என் தொழில். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எங்களிடம் வந்தவை பெரும்பாலும் அடிபட்ட கைகள். வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தவர், இயந்திரத்தில் விரல் சிக்கியவர், அரிவாள் பட்டு நரம்பு அறுந்தவர் என்று வருவார்கள். இன்று காத்திருப்போர் வரிசையில் இருக்கும் பலருக்கு ஓர் அடியும் படவில்லை. கணக்கர், டிடிபி ஆபரேட்டர், வங்கி ஊழியர், ஆன்லைன் வகுப்பு எடுக்கும் ஆசிரியை, கல்லூரி மாணவர், கைக்குழந்தையோடு வரும் இளம் தாய் என்று பலரும் அதில் இருக்கிறார்கள்.

இவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே கதைதான். முதலில் சாயங்காலத்தில் மட்டும் கையில் ஓர் அசதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தால் சரியாகிவிட்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் போதவில்லை. நடு இரவில் விரல் மரத்து, எறும்பு ஊர்வதுபோல் இருந்து விழிப்பு வந்தது. வீட்டில் ‘வாயு’ என்றார்கள், பக்கத்து வீட்டில் ‘சுளுக்கு’ என்றார்கள். தைலம் தேய்த்துக்கொண்டார்கள், மருந்துக்கடையில் ஒரு பட்டை வாங்கிச் சுற்றிக்கொண்டார்கள். டம்ளர் கை நழுவி விழுந்த பிறகுதான் மருத்துவரைத் தேடினார்கள். அதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த வலியில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. வேலையைக் கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டால் தடுக்கலாம். நாமோ வேலைக்கு ஏற்றபடி கையை வளைத்துக்கொண்டு, அது பொறுத்துப்போகும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எழுத்தர்களின் பழைய நோய்

கணினி வந்ததால் வந்த புதிய நோய் இது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இது மிகப் பழையது. இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் இருந்தார். எந்தத் தொழில் செய்கிறவருக்கு எந்த நோய் வருகிறது என்று பட்டறை பட்டறையாகப் போய்ப் பார்த்து எழுதியவர். 1700-இல் முதலில் வெளிவந்து 1713-இல் விரிவாக்கப்பட்ட அவருடைய நூல்தான் தொழில்சார் மருத்துவத்துக்கு அடித்தளம். அதில் எழுத்தர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவர்களுடைய துன்பத்துக்கு மூன்று காரணங்கள் சொல்கிறார். ஓயாமல் உட்கார்ந்தே இருப்பது ஒன்று. கை ஒரே அசைவை ஒரே திசையில் திரும்பத் திரும்பச் செய்வது இரண்டாவது. எழுத்தில் பிழை வந்துவிடுமோ, கணக்குத் தவறிவிடுமோ என்ற மன அழுத்தம் மூன்றாவது.

இன்றைய அலுவலகம் ஒன்றுக்குள் நுழைந்து காரணங்களை எழுதச் சொன்னால், நான் இந்த மூன்றைத்தான் எழுதுவேன். அதே நூலில் ஓர் எழுத்தரைப் பற்றிய செய்தியும் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் எழுதி எழுதி அவருடைய வலக்கை முதலில் சோர்ந்தது, பின்னர் செயலிழந்தது. அவர் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். சில காலத்தில் இடக்கைக்கும் அதே நோய் வந்தது. கையை மாற்றினாரே தவிர, வேலை செய்யும் முறையை அவர் மாற்றவில்லை. வலது கை வலிக்கிறது என்று மவுஸை இடது பக்கம் வைத்துக்கொண்டு, அதே பத்து மணி நேரம் வேலை பார்க்கிறவர்களிடம் நான் இந்தச் செய்தியைத் தவறாமல் சொல்வேன்.

பின்னாளில் தந்தி வந்தபோது தந்திப் பணியாளர்களின் கை பிடித்துக்கொண்டது. பிரிட்டனில் 1908-இல் அதை இழப்பீடு பெறத்தக்க தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குப் பின் தட்டச்சுப் பொறியின் காலம். நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் தேர்வுக்குப் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். முதுகை நிமிர்த்தி உட்காரச் சொல்லியிருப்பார்கள். மணிக்கட்டை மிஷின் மீது சாய்க்க விடமாட்டார்கள். பத்து விரலையும் பயன்படுத்தச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பொறியிலேயே இன்னொரு நன்மையும் இருந்தது. வரி முடியும்போது மணி அடிக்கும். கையை எடுத்து நெம்புகோலைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பன் வைத்து, புதுத் தாளைச் செருக வேண்டும். சில நொடிக்கு ஒருமுறை, சில நிமிடத்துக்கு ஒருமுறை கை வேறு வேலை பார்த்தது.

கணினி அந்த இடைவெளிகளை எடுத்துவிட்டது. கோப்பை எடுக்க அலமாரி வரை நடந்தோம், கடிதத்தை மடித்து உறையில் போட்டோம், பேரேட்டைப் புரட்டினோம், பக்கத்து மேசைக்குப் போய் ஒரு விவரம் கேட்டோம். இவை எல்லாம் இப்போது ஒரே விரலின் ஒரே சொடுக்கில் முடிகின்றன. கைப்பேசி ஓய்வு நேரத்தையும் எடுத்துக்கொண்டது. எட்டு மணி நேரம் மவுஸைப் பிடித்த கை, பேருந்தில் ஏறியதும் கைப்பேசியைப் பிடிக்கிறது. சாப்பிடும்போது இடக்கை அதைப் பிடிக்கிறது. படுக்கையிலும் அதே கட்டைவிரல் அதே திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மனத்துக்கு அது பொழுதுபோக்காக இருக்கலாம். கைக்கு அது இரண்டாவது ஷிப்ட்.

கைக்குள் நடப்பது

ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம். வலது முன்கையை மேசை மீது உள்ளங்கை மேலே பார்க்கும்படி வையுங்கள். இடக்கையால் முழங்கைக்குச் சற்றுக் கீழே, சதைப்பற்றான இடத்தை மெல்லப் பிடியுங்கள். இப்போது வலக்கை விரல்களைத் தட்டச்சு செய்வதுபோல ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுங்கள். பிடித்திருக்கும் இடத்தில் தசை நெளிவது தெரிகிறதா? விரலை மடக்குகிற முக்கியமான தசைகள் விரலுக்குள் இல்லை. முழங்கைக்கு அருகே இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் நுனிவரை போகின்றன. கிணற்றடியில் நின்று கயிற்றை இழுத்தால், இராட்டினத்தின் வழியாகக் கயிறு ஓடி உள்ளே வாளி அசைகிறது அல்லவா, அந்த ஏற்பாடுதான் இது. இராட்டினம் கோணலாக இருந்தால் கயிறு உராயும். மணிக்கட்டு கோணலாக இருந்தால் தசைநாண் உராயும்.

அடுத்து மணிக்கட்டைப் பாருங்கள். அங்கே எட்டுச் சிறிய எலும்புகள் ஒரு பள்ளம்போல் அமைந்திருக்கின்றன. அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு தடித்த பட்டை மூடியிருக்கிறது. இந்தக் குறுகிய வழிக்குள் ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்ற ஒரு நரம்பும் போகின்றன. எலும்பும் விரியாது, பட்டையும் விரியாது. உள்ளே தசைநாண்களைச் சுற்றிய உறை வீங்கினாலோ, மணிக்கட்டை அதிகம் வளைத்தாலோ, நசுங்குவது நரம்புதான்.

எவ்வளவு நசுங்கும் என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1981-இல் அமெரிக்காவில் கெல்பர்மன் என்ற கை அறுவை வல்லுநரும் அவருடைய குழுவினரும் இந்த வழிக்குள் அழுத்தத்தை அளந்தார்கள். ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே மில்லிமீட்டர் பாதரச அலகில், நல்ல கை நேராக இருக்கும்போது அழுத்தம் சராசரியாக 2.5தான் இருந்தது. அதே கையை உள்பக்கம் நன்றாக மடக்கினால் 31, வெளிப்பக்கம் நன்றாக வளைத்தால் 30. மணிக்கட்டின் கோணத்தை மாற்றியதற்கே பன்னிரண்டு மடங்கு கூடிவிட்டது. நோய் வந்தவர்களின் கையில், நேராக வைத்திருக்கும்போதே 32 இருந்தது. மணிக்கட்டை நேராக வையுங்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இந்த எண்கள்தான்.

எந்த விரல், எந்த நோய்

கை வலி எல்லாம் ஒரே நோய் ஆகாது. எந்த விரல் பேசுகிறது என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போய், இரவில் விழிப்பு வந்து, கையை உதறினால் சற்றுச் சரியாகிறது என்றால் அது கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். நான் சொன்ன குறுகிய வழியில் மீடியன் நரம்பு நசுங்குவதால் வருவது. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் அது வேறு நரம்பு. அது முழங்கையின் உள்பக்கம் எலும்புக்குப் பின்னால் போகிறது. இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்ததுபோல் சுரீர் என்குமே, அந்த இடம்தான். முழங்கையை மடக்கியபடி மணிக்கணக்கில் கைப்பேசியைக் காதில் வைத்திருப்பவர்களுக்கும், முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றியிருப்பவர்களுக்கும் இது வரும்.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், பாத்திரத்தைத் தூக்கும்போதும் துணி பிழியும்போதும் சுரீரென்று வலித்தால், அது 1895-இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கர்வான் விவரித்த நோய். கட்டைவிரலை விரிக்கும் தசைநாண்கள் தங்கள் உறைக்குள் உராய்ந்து வீங்குவதால் வருகிறது. குழந்தை பெற்ற தாய்மார்களிடம் இது மிகவும் சாதாரணம். கட்டைவிரலை அகல விரித்துக் குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்குவார்கள். பால் கொடுத்துக்கொண்டே மறு கையில் கைப்பேசி பார்ப்பார்கள். குழந்தையின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஏந்தித் தூக்கக் கற்றுக்கொடுத்தாலே பலருக்குப் பாதி வலி குறைகிறது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கார்ப்பல் டனல் நோய்க்குக் கணினிதான் காரணம் என்று பொதுவாகப் பேசுகிறோம். டென்மார்க்கில் ஏறத்தாழ 7,000 தொழில்நுட்ப ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், விசைப்பலகைக்கும் இந்த நோய்க்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடித்தவர்களிடம்தான் சற்றுக் கூடுதலாக இருந்தது. சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், உடல் பருமன், கருவுற்ற காலம் ஆகியவை இந்த நோய்க்குப் பெரிய காரணங்கள். ஆகவே விரல் மரத்துப்போகிறவர்கள் மவுஸை மட்டும் குறை சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். சர்க்கரையும் தைராய்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கை மரப்பு என்று வந்து, சர்க்கரை நோய் இருப்பதையே முதன்முதலாகத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

ஆனால் நோய் என்று பெயர் சூட்ட முடியாத தசை வலி, முன்கை இறுக்கம், கட்டைவிரல் வலி, தோள் வரை பரவும் அசதி, இவை திரைக்கு முன்னால் உழைப்பவர்களிடம் மிகுதி. கணினிக் கையின் பெரிய துன்பம் இதுதான். பெரும்பாலும் தடுக்கக்கூடியதும் இதுதான்.

மேசையில் செய்ய வேண்டியவை

எந்த இடத்திலும் முதலில் நான் பார்ப்பது முழங்கையை. தோளைத் தளர்த்தித் தொங்கவிட்டு உட்காருங்கள். முழங்கை உடம்பை ஒட்டி, ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கியிருக்கட்டும். அந்த நிலையில் விரல் எங்கே இருக்கிறதோ அங்கே விசைப்பலகை இருக்க வேண்டும். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை பலருக்கு இதைவிட உயரம். நாற்காலியில் ஒரு கெட்டியான தலையணை போட்டு உட்காருங்கள். கால் தொங்கினால் காலடியில் ஒரு பலகை வையுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

விசைப்பலகையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு சிறிய கால்கள் மடங்கி விரியும்படி இருக்கும். பலரும் அவற்றை விரித்து வைக்கிறார்கள். அதனால் பலகை சரிந்து, மணிக்கட்டு வெளிப்பக்கம் வளைகிறது. அவற்றை மடக்கிவிடுங்கள். முன்பக்கம் மெத்தென்ற பட்டை இருந்தால் அது தட்டுவதை நிறுத்தும்போது கை சாய்வதற்கு. தட்டும்போது மணிக்கட்டை ஊன்றக் கூடாது. நம் டைப்ரைட்டிங் ஆசிரியர்கள் சொன்ன பாடம் இன்றும் பொருந்தும்.

டிடிபி வேலை செய்யும் ஒருவரின் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். வலது தோளில் தாங்க முடியாத வலி அவருக்கு. விசைப்பலகைக்கு வலப்பக்கம் எண் விசைகள், அதற்கு அப்பால் ஒரு புரூப் கட்டு, அதற்கும் அப்பால் மவுஸ். ஒவ்வொரு முறையும் முழங்கை உடம்பைவிட்டு ஒரு முழம் விலகி நீண்டது. கை அந்தரத்தில் நின்றது. புரூப் கட்டை இடப்பக்கம் மாற்றினோம். எண் விசைகள் இல்லாத சிறிய விசைப்பலகை ஒன்று வாங்கச் சொன்னேன். மவுஸ் முழங்கையின் நேர் எதிரே வந்தது. மவுஸை விரல்களால் கவ்விப் பிடிக்காமல், உள்ளங்கையை அதன் மேல் இளைப்பாற வைத்து, மணிக்கட்டிலிருந்து அசைக்காமல் முழங்கையிலிருந்து அசைக்கப் பழகினார். அடிக்கடி செய்யும் வேலைகளுக்கு விசைக் குறுக்குவழிகளைக் கற்றுக்கொண்டார். அவருக்கு மருந்தைவிட இந்த மாற்றங்கள்தான் உதவின.

மடிக்கணினியில் திரையும் விசையும் ஒட்டியே இருக்கின்றன. திரை கண்ணுக்கு நேராக இருந்தால் கை தூக்கிக்கொள்ளும், கை சரியாக இருந்தால் கழுத்து குனியும். ஒரு நாளில் சில மணி நேரத்துக்கு மேல் அதில் வேலை செய்பவர்கள் தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிவிடுங்கள். மடிக்கணினியை நான்கைந்து தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி வையுங்கள். மடியிலும் மெத்தையிலும் வைத்து வேலை செய்யாதீர்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டுகிறோம். ‘வணக்கம்’ என்று வர எட்டு விசைகள் தட்ட வேண்டும். ‘ண’ வருவதற்கு ஷிப்ட் விசை வேறு, சுண்டுவிரலுக்கு வேலை. தமிழ்நாடு அரசு 1999-இல் பரிந்துரைத்த தமிழ்99 விசைப்பலகையில் அதே சொல்லுக்கு ஆறு விசை போதும். ஷிப்ட் வேண்டாம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கமும் இருப்பதால் இரண்டு கைகளும் வேலையை மாறி மாறிப் பகிர்ந்துகொள்கின்றன. ‘க்க’ என்று வர வேண்டிய இடத்தில் ‘க’வை இருமுறை தட்டினால் புள்ளி தானாக விழுகிறது. ஒரு சொல்லில் இரண்டு விசை குறைவது சிறிதாகத் தெரியலாம். நாள் முழுவதும் தமிழில் எழுதும் பத்திரிகையாளருக்கும், மொழிபெயர்ப்பாளருக்கும், அலுவலக எழுத்தருக்கும் அது ஆயிரக்கணக்கான தட்டுகள். சில வாரங்கள் பொறுமையாகப் பழகினால் வாழ்நாள் முழுவதும் விரல் நன்றி சொல்லும்.

கைப்பேசி

கைப்பேசியில் பெரும் சுமை கட்டைவிரலுக்கு. ஒரே கையில் பிடித்து, அதே கையின் கட்டைவிரலைத் திரையின் எதிர் மூலை வரை நீட்டுவதுதான் மிகக் கெடுதலான பழக்கம். சுண்டுவிரலை அடியில் கொடுத்துத் தாங்குவதும் அப்படித்தான். ஒரு கையில் பிடித்து மறு கையின் சுட்டுவிரலால் தொடுங்கள். நீண்ட நேரம் பார்ப்பதாக இருந்தால் எதன்மீதாவது சாய்த்து வையுங்கள், பிடித்திருக்க வேண்டாம். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்காதீர்கள். காதில் வைத்து நீண்ட நேரம் பேசுபவர்கள் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சைக் கேட்டுத் தானே தமிழில் எழுதித் தரும் வசதி இப்போது கைப்பேசிகளிலேயே இருக்கிறது. நான்கு வரிக்கு மேல் போகும் செய்திகளைச் சொல்லி எழுதவையுங்கள். அல்லது அழைத்துப் பேசிவிடுங்கள், உறவும் நன்றாக இருக்கும்.

வீட்டு வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் தட்டிய பெண், இருசக்கர வண்டியின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். வந்ததும் சப்பாத்தி மாவு பிசைகிறார், தேங்காய் துருவுகிறார், துணி பிழிகிறார். எல்லாம் அதே முன்கைத் தசைகள். அவருக்கு வலி வந்தால் கணினியை மட்டும் சரிசெய்து பயனில்லை. மாவு பிசையவும் துணி பிழியவும் வீட்டில் இன்னொரு ஜோடி கை இருக்கிறது. ஆண்களே, அது உங்களுடைய கை. அது முன்வர வேண்டும்.

இடைவேளை

எவ்வளவு நல்ல நாற்காலி வாங்கினாலும், ஒரே நிலையில் நெடுநேரம் இருந்தால் தசை களைத்துத்தான் போகும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எழுந்து நடங்கள். தண்ணீர் குடியுங்கள், பக்கத்து மேசைக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கைப்பேசியை எடுக்காதீர்கள். எடுத்தால் அது இடைவேளை ஆகாது.

வேலை கெடாதா என்று முதலாளிகள் கேட்பார்கள். அமெரிக்காவில் வரிப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் ஊழியர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான இரண்டு பதினைந்து நிமிட இடைவேளைகளோடு, ஒரு நாளைக்கு மொத்தம் 20 நிமிடம் வரும்படி ஐந்தைந்து நிமிட இடைவேளைகளைக் கூட்டினார்கள். கை வலியும் கண் சோர்வும் குறைந்தன. இருபது நிமிடம் குறைவாக வேலை செய்தும் பதிவான வேலை குறையவில்லை. களைக்காத கை வேகமாக வேலை செய்தது.

பயிற்சிகள் எளியவை. கைகூப்பி, உள்ளங்கைகளை ஒட்டியபடியே மெல்லக் கீழே இறக்குங்கள். முன்கையில் இழுவை தெரியும் இடத்தில் பதினைந்து நொடி நிறுத்துங்கள். விரல்களை நேராக நீட்டி, நடுக் கணுக்களையும் நுனிக் கணுக்களையும் மட்டும் கொக்கிபோல் மடக்கி, பிறகு முழு முஷ்டியாக்கி, மீண்டும் நீட்டுங்கள். ஐந்து முறை போதும். வலி வரும்வரை இழுக்கக் கூடாது. கை வலிக்கிறது என்று ரப்பர் பந்தை வாங்கி நாள் முழுவதும் அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே களைத்த தசைக்கு அது மேலும் வேலை கொடுப்பதாகும். வலி அடங்கிய பின் வலுப்படுத்தும் பயிற்சியைத் தொடங்கலாம்.

எப்போது மருத்துவரிடம் போவது

இரவில் மரப்பினால் விழிப்பு வருகிறது, இரண்டு மூன்று வாரம் ஓய்வெடுத்தும் வேலை முறையை மாற்றியும் வலி குறையவில்லை, பொத்தான் போடவோ சாவி திருப்பவோ முடியவில்லை, பொருள்கள் கை நழுவுகின்றன, கட்டைவிரலின் அடிச்சதை மற்றக் கையைவிட மெலிந்து தெரிகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ உடனே பாருங்கள். ஆரம்பத்தில் வந்தால், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட், சில நாள் மருந்து, வேலை முறையில் மாற்றம் ஆகியவையே பலருக்குப் போதும். தேவைப்பட்டால் ஊசி, அதற்கும் மேலே சிறிய அறுவை சிகிச்சை. சதை மெலியும்வரை காத்திருந்தால், அறுவை செய்தும் முழு வலு திரும்பாமல் போகலாம். இறுக்கிக் கட்டுவதும், நெட்டி முறிப்பதும், வலிக்கும் இடத்தை முரட்டுத்தனமாக உருவிவிடுவதும் வேண்டாம்.

பொறுப்பு யாருக்கு

இதுவரை நான் சொன்னவை நாம் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியவை. எல்லாப் பொறுப்பையும் வலிக்கிறவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஐரோப்பியச் சமூகம் 1990-இலேயே திரைக்கு முன் வேலை செய்பவர்களுக்கென ஓர் ஆணை பிறப்பித்தது. மேசையையும் இருக்கையையும் சரிபார்ப்பதும், திரை வேலையை இடையிடையே நிறுத்தவோ மாற்றவோ வழி செய்வதும் வேலை கொடுப்பவரின் கடமை என்று அது சொல்கிறது. ஊழியர் எழுந்து நடந்தால் முறைத்துப் பார்க்கும் மேலாளர், எத்தனை தட்டு தட்டினார் என்று எண்ணிச் சம்பளம் போடும் நிறுவனம், ஆட்குறைப்புச் செய்துவிட்டு இருவர் வேலையை ஒருவர் தலையில் ஏற்றும் அலுவலகம், இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு ஊழியருக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்திப் பயனில்லை. ராமஸ்ஸினி சொன்ன மூன்றாவது காரணம், அந்த மன அழுத்தம், நாற்காலியை மாற்றினால் போகாது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. இங்கே அலுவலகமோ கடையோ அச்சகமோ பள்ளியோ நடத்துகிறவர்கள், வரும் வாரத்தில் ஒரு நாள் உங்கள் ஊழியர்கள் உட்காரும் இடத்துக்குப் போய், அவர்களுடைய முழங்கையையும் மணிக்கட்டையும் ஒரு நிமிடம் பாருங்கள், வலிக்கிறதா என்று கேளுங்கள், மணிக்கு ஐந்து நிமிட இடைவேளையை எழுதிவைத்த விதியாக்குங்கள். மற்றவர்கள், நாளைக் காலை வேலையைத் தொடங்கும் முன் விசைப்பலகையின் கால்களை மடக்குங்கள், மவுஸை அருகே இழுத்து வையுங்கள், இரவு படுக்கும்போது கைப்பேசியைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கை வலிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே வேலை முறையை மாற்றுங்கள். முதல் வாரத்தில் கேட்டால் கை கேட்பது சிறிது. ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அதற்குப் பெரிய விலை கொடுக்க நேரும்.